பீரோவில் இருக்கும் முகம்

"பாஸ்போர்ட்டுக்கா? அதுக்கு இப்போ போட்டோவே வேணாம்மா. அங்கேயே எடுத்துருவாங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் பல வருடமாகக் கடை வைத்திருப்பவர். தேடி வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற மனிதரை அந்தத் தெருவில் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தாகிவிட்டது. "பரவாயில்லை, எடுங்க" என்றேன். எட்டுப் பிரதிகள், சின்னக் காகித உறையில். இன்னும் கைப்பையில்தான் கிடக்கின்றன. எதற்காவது ஆகும்.

ஊரில் எல்லோரும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதாகத்தான் சொல்கிறோம். அரசாங்கம் அதை மறுவழங்கல் என்கிறது. யோசித்தால் அதுதான் சரி. ரேஷன் கார்டுக்கு உள்தாள் ஒட்டியதுபோல இதற்கு ஒட்ட முடியாது. பத்து வருடம் முடிந்ததும் பழைய புத்தகம் செத்துப்போகிறது, வேறொரு எண்ணோடு இன்னொன்று பிறக்கிறது. முன்ஜென்மத்து எண்ணைப் புதிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்தும் கொடுக்கிறார்கள். மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

என் முதல் பாஸ்போர்ட் 2015இல் எடுத்தது. என் கணவரும் நானும் ஒரே நாளில், அடுத்தடுத்த டோக்கனில் எடுத்தோம். மகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அதுவரை விமான நிலையம் என்பது, தாம்பரம் போகும் மின்சார ரயில் திரிசூலத்தில் நிற்கும்போது எதிரே தெரிகிற கட்டடம், அவ்வளவுதான். இந்த முறை தனியாகப் போனேன். அவர் போய் நான்கு வருடமாகிறது.

சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று சேவா கேந்திரங்கள் இருக்கின்றன. எதில் நாள் கிடைக்கிறதோ அதற்குப் போகவேண்டியதுதான். என் அண்ணன் பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் எல்லாமே ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். அவருடைய புத்தகத்தில் பெயரையும் ஊரையும் யாரோ ஒரு குமாஸ்தா நீல மசியில் எழுதியிருந்தார், அச்சுக் கோத்ததுபோல அழகான எழுத்து. கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட 2015 நவம்பர் 24ஐக் கெடுவாக வைத்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. மனிதர் எழுதியதை இயந்திரம் படிக்காது என்பதைத் தவிர அந்த எழுத்தில் குறையொன்றும் இல்லை.

ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர் வரிசைகள். ஏயில் தனியார் நிறுவனத்துப் பிள்ளைகள் இருந்து படம் எடுக்கிறார்கள், கைரேகை வாங்குகிறார்கள். பியிலும் சியிலும் அரசு அதிகாரிகள். "கண்ணாடியைக் கழட்டுங்கம்மா. காது தெரியணும். சிரிக்காதீங்க." நான் சிரிக்கவில்லை. எடுத்து முடித்துத் திரையை என் பக்கம் திருப்பி "ஓகேவாம்மா?" என்றாள் அந்தப் பெண். கண்ணாடி இல்லாமல் எனக்குத் திரையே மங்கல். "தெரியலையேம்மா" என்றேன். சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அங்கே காத்திருக்கும் நேரத்தில் யோசிக்க நிறைய இடமுண்டு. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பாஸ்போர்ட் கொடு என்று கேட்கிற உரிமைக்கு என்னைவிட வயது குறைவு. 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி தொடுத்த வழக்கில், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியதுதான், சட்டம் ஒன்று இல்லாமல் இஷ்டப்படி அதை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். உடனே அவசரச் சட்டம் போட்டு, ஜூன் 24இல் பாஸ்போர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு அது சர்க்கார் மனம் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற பொருள். 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கினார்கள். அதிலிருந்து வந்த 1978ஆம் வருடத் தீர்ப்புதான், 1950இல் சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் போட்டுத் தோற்ற வழக்கின் குறுகலான வாதத்தை உடைத்தது. சிறையில் இருந்தவர் தோற்றதைப் பாஸ்போர்ட் பறிபோனவர் இருபத்தெட்டு வருடம் கழித்து மீட்டார். ஒரு சின்னப் புத்தகம் இவ்வளவு பாரம் சுமக்கும் என்று அதன் கனத்தைப் பார்த்தால் தோன்றாது.

பி கவுன்டரில், "சர்நேம் அப்படியே இருக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார் அதிகாரி.

என் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் எனக்கு அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் கணவரின் முழுப் பெயரே சர்நேம். அதை முடிவு செய்தது நானோ அவரோ அல்ல, பிரவுசிங் சென்டரில் இருந்த பையன். "காலியா விட்டா வெளியூர்ல தகராறு ஆன்ட்டி. அங்கிள் பேரைப் போட்டுடறேன்" என்று தட்டினான். அங்கிளுக்கு அங்கிளுடைய அப்பா பெயரைப் போட்டான். மகனுக்கு ஏற்கெனவே அவன் அப்பா பெயர் சர்நேமாக இருந்தது. ஆக எங்கள் வீட்டில் எனக்கும் பிள்ளைக்கும் ஒரே குடும்பப் பெயர், குடும்பத் தலைவருக்கு மட்டும் வேறு. முதல் பயணத்தில் குடியேற்றச் சோதனையில் இருந்த சிங்கப்பூர்ப் பெண் எங்கள் இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே பலகையில் தமிழும் இருந்தது. ஆனால் எங்கள் பெயர்க் கணக்கைத் தமிழில் சொன்னாலும் அவளுக்கு விளங்கியிருக்காது.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. திரும்பி வரும்போது வாசலில் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். "நீங்க இல்லை சார், மேடம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சற்று நேரத்தில் என் மாமனார் பெயரைக் கூப்பிட்டார்கள். திருப்பதி தாண்டிப் போகாத மனிதர், நான் மருமகளாக வருமுன்பே காலமானவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு விமானம் ஏறும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். 2023இல் நான் தனியாகப் போனபோதும் அப்படி ஒரு வாசலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றேன் அதிகாரியிடம்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. படம் இருக்கும் பக்கத்தின் அடியில், மண்ணில் குருவி நடந்த தடம்போல இரண்டு வரிகள் ஓடுமே, இயந்திரம் படிப்பதற்கென்றே அச்சிட்டவை. வரிக்கு 44 இடம். அதில் சர்நேம் முதலில் வரும், பிறகு இரண்டு கோணக் குறிகள், அதற்குப் பிறகுதான் சொந்தப் பெயர். மிச்சமுள்ள இடமெல்லாம் கோணக் குறிகள். அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். நாம் இனிஷியல் போடுகிற அதே வரிசை! வெள்ளைக்காரன் கேட்டான் என்று நாம் பெயரைத் திருப்பிப் போட்டோம், இயந்திரம் அதை மறுபடி நேராக்கிவிட்டது. புத்தகத்தில் ஒரு எழுத்துகூடத் தமிழ் கிடையாது, இந்தியும் ஆங்கிலமும்தான். தமிழ் வரிசை மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்திருக்கிறது.

எங்கள் பேட்டையில் இந்தக் குழப்பத்துக்குப் பெரிய முன்னோடி ஒருவர் இருந்தார். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக் கணக்கு குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு, கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டு எஸ். ராமானுஜன் என்று கையெழுத்திட்டார். எஸ் என்பது அப்பா சீனிவாச ஐயங்கார். ராமானுஜனைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டது உலகம். தெரியாமல் செய்தாலும் அவரை அவர் பெயராலேயே அழைத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. விஸ்வநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் செல்லமாக விஷி என்கிறது. பாவம், செல்லமெல்லாம் அவர் அப்பாவுக்குப் போகிறது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்து, ராமானுஜன் குடும்பம் திருவல்லிக்கேணிக்கு, அனுமந்தராயன் கோயில் தெருப் பக்கம் குடிவந்தது. 1914 மார்ச் 17இல் நெவாசா கப்பலில் கிளம்பினார். கிளம்புமுன் குடுமியை எடுத்தார், பூட்ஸ் போட்டு நடக்கப் பழகினார். பாஸ்போர்ட் என்ற பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் சாம்ராஜ்யத்துக்குள் கப்பலேற அது கட்டாயமில்லை. அவர் போனபோது சாத்திரம் தடுத்தது, சர்க்கார் தடுக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துத் திரும்பும்போது எல்லாம் மாறியிருந்தது. இடையில் வந்த உலகப் போர் எல்லைக்கெல்லாம் காவல் போட்டு, ஆளுக்கொரு புத்தகம், அதில் ஒரு படம் என்று ஆக்கியிருந்தது. 1919இன் தொடக்கத்தில், உடல் நொந்து கிடந்த நிலையில், லண்டனில் அவரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் இறந்துபோனார். வயது முப்பத்திரண்டு.

1936இல் ஹார்வர்டில் ராமானுஜனைப் பற்றிப் பேசப்போன ஹார்டிக்கு, அச்சில் போட அவருடைய நல்ல படம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த வருடம் ஊருக்கு வரவிருந்த சந்திரசேகரிடம் சொல்லியனுப்பினார். பிற்காலத்தில் நோபல் வாங்கிய சந்திரசேகர்தான். இங்கே மயிலாப்பூர்க்காரர். அவர் விசாரித்து விசாரித்து ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் கண்டுபிடித்தார். படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். படமென்று ஒன்றுமில்லை, பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கிறது என்றார் அந்த அம்மாள். பதினேழு வருடம் ஆகியும் படம் பழுதாகவில்லை, அதிலிருந்து நெகட்டிவ் எடுக்க முடிந்தது. நாமெல்லோரும் பாடப்புத்தகத்தில் பார்த்த ராமானுஜன் அதுதான். 1980களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வார்த்த வெண்கலச் சிலைகளும் அந்தப் படத்தை வைத்துச் செய்தவை. சந்திரசேகர் கொண்டுபோன படத்தைப் பார்த்த ஹார்டி, நோயாளியாகத் தெரிந்தாலும் மேதையாகவும் தெரிகிறார் என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். எனக்கு மேதை தெரியவில்லை. கேமராக்காரர் ஆடாமல் இருக்கச் சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவர் தெரிகிறார்.

ஆள் இன்னார்தான் என்று ஒரு துறைமுக அதிகாரி ஒரு நிமிடம் சரிபார்ப்பதற்காக எடுத்த படம். அந்தப் பயணத்தோடு அதன் வேலை முடிந்துவிட்டது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று ஜானகி அம்மாளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தையல் வேலை செய்து பிழைத்த பெண்மணி, வீடு மாறி, ஊர் மாறி, பம்பாய்க்குப் போய்த் திரும்பியவர். ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் அந்தப் புத்தகத்தை உள்ளே வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

என் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிற படமும் பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்ததுதான். கைப்பேசியில் அவர் படங்கள் முந்நூறுக்கு மேல் இருந்தன. ஒன்றில் பேரனைப் பார்க்கிறார், ஒன்றில் சாப்பிடுகிறார், ஒன்றில் பாதித் தலை இல்லை. நேராகப் பார்த்தது அந்த ஒன்றுதான். இதே ஸ்டுடியோக்காரர்தான் பெரிதாக்கிக் கொடுத்தார். "முகத்து மேல கோடு கோடா வருதும்மா, எடுத்துடறேன்" என்று இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தார். இடது காதோரம் ஒரு கோடு மட்டும் போகவில்லை. கடைக்குப் போனபோது சொன்னார்: "முன்னெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுப்பேன். இப்போ பாஸ்போர்ட்டுலேருந்து போட்டோ எடுக்கறேன்." இறந்தவரின் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ரத்து செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. கேட்டால் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்களாம். நான் போகவில்லை. இந்த வருடம் அதுவும் தானாகக் காலாவதியாகிவிட்டது. இருவருக்கும் ஒரே தேதி.

போலீஸ் விசாரணை ஒரு கூத்து. நாற்பத்தோரு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சொல்ல வேண்டும். என்னைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் இஸ்திரி வண்டிக்காரர். அவருடைய ஆதாரில் விழுப்புரம் பக்கத்து விலாசம், சாட்சிக்கு ஆகாது. மாடியில் மூன்று மாதம் முன்பு குடிவந்த ஐடி தம்பதி கையெழுத்துப் போட்டார்கள். அதற்குமுன் அவர்களுக்கு என் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

விரைவுத் தபாலில் புத்தகம் வந்தது. அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி. உள்ளே சில்லு இருக்கிறது என்று அர்த்தம். சென்னையில் 2025 மார்ச்சிலிருந்து இப்படித்தான் வருகிறது. என் முகமும் விரல் ரேகையும் அதற்குள் இருக்கின்றன. ரத்து முத்திரை குத்தித் திருப்பிய பழையதைப் பீரோவில் அவருடையதன் மேல் வைத்தேன். 36 பக்கத்தில் ஆறுகூட நிரம்பியிருக்கவில்லை. புதியதையும் 1500 ரூபாய்க்கு 36 பக்கமாகத்தான் கேட்டு வாங்கினேன். போன தடவை சிங்கப்பூர் போகும்போது பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்த தக்காளித் தொக்குக்காக மருமகள் இன்னும் வருத்தப்படுகிறாள். திரவம் என்றார்கள். நான் கிண்டிய பதத்துக்கு அதைத் திரவம் என்று சொன்னவர் சமைத்ததே இல்லை.

அன்று மாலை மகன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். விசாவுக்கு. எப்படிப் பிடித்தாலும் ட்யூப்லைட் வெளிச்சம் சரியாக என் முகத்தின்மேல் விழுந்து முகத்தை வெள்ளையாக்கியது. வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் முயன்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மேன்ஷன். முன்பு அதில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், உதவி இயக்குநர்கள், மெடிக்கல் ரெப்புகள் என்று இருப்பார்கள். இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் எப்போதும் நாலைந்து அறைகளில் வளைகுடாவுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. மெடிக்கல் முடிந்ததா, ஸ்டாம்பிங் ஆனதா, டிக்கெட் எப்போது என்பதுதான் அவர்கள் பேச்சு. பத்தாவது தேறாதவன் என்றால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருக்கும். சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்டுக் கொடுக்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே திரும்பப் பெற்றார்கள். படிக்காதவன் என்பதை விமான நிலையத்தில் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரிவிக்கிற நிறம் யாருடைய யோசனையோ! ராமானுஜன் எஃப்ஏவில் தோற்றாலும் மெட்ரிகுலேஷன் தேறியவர். அவர் நீல அட்டையில் தப்பித்திருப்பார். 2022 நவம்பரில் வேறொரு கலவரம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்றது ஐக்கிய அரபு அமீரகம். சில நாளில், உள்ளே தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது. அந்த ஒரு வாரம் எதிர் மேன்ஷனில் எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேன்ஷன் படியில் உட்கார்ந்திருந்த பையன் தெருவைக் கடந்து வந்தான். பரமக்குடிப் பக்கம். இரண்டு மாதமாகக் காத்திருப்பவன்.

"குடுங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று வாங்கி, திண்ணை விளிம்பில் நிழல் விழும் இடமாகப் பார்த்து வைத்து, ஒரே தடவையில் எடுத்தான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். எதையோ தேடினான்.

"ஈசிஆர் இல்லை. நீங்க பத்தாவது பாஸாம்மா?"

"பதினொண்ணு. அப்போ அதான் எஸ்எஸ்எல்சி."

"எனக்கு கணக்குல போயிடுச்சு" என்றான். தங்க நிறக் குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"உன்னோடது புதுசா, பழசா?"

"பழைய மாடல்தான். ஏஜென்ட்கிட்ட இருக்கு, குடுத்து ஒன்றரை மாசம் ஆகுது. போட்டோ மட்டும் இருக்கு" என்று கைப்பேசியை நீட்டினான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ட்யூப்லைட் வெளிச்சம் அவன் முகத்தின்மேல் விழவில்லை. காது இரண்டும் தெரிந்தன. சிரிக்கவில்லை.